அயலுக்குச் சொல்லி விற்ற வீடு

"கறி மட்டும் காய்ச்ச வேண்டாம், மிஸஸ் விக்" என்று வீடு விற்றுக்கொடுக்க வந்தவர் சொன்னபோது யோகராணிக்குக் கோபம் வரவில்லை. கொலின் ஹொட்ஜ் கெட்ட மனுசன் அல்லர். கிளேட்டன் ரயில்வே கேற்றடியில் கந்தோர் வைத்திருந்தார். ஒருவரும் கேளாமலே சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரியும். அதைப்பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

"சனிக்கிழமைகளில் சனம் வீடு பார்க்க வரும். வாசலைத் தாண்டினவுடன் மூக்குத்தான் முதலில் விலை பேசும். கோப்பி போட்டு வையுங்கள். சூட்டடுப்பில் பாண் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது."

அவ்வளவுதானே என்று அவள் மிளகாய்த்தூள் போத்தலையும், வறுத்து இடித்த சரக்குத்தூள் தகரத்தையும் ஒரு பழைய கம்பளியில் சுற்றிப் பின்வளவுக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தாள். அன்று தொடங்கி அந்த வீட்டில் அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் வெள்ளைச் சொதியும்தான். மகள் கமலினி மொனாஷ் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருசம் படிக்கிறவள். மூன்றாம் நாள் அவள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, வீட்டை மட்டும்தானே விக்கிறம்? இல்லாட்டி எங்களையும் சேர்த்தோ?"

"வாயை மூடிக்கொண்டு தின் பிள்ளை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாப் பிறகு இரத்தச் சிவப்பாய்க் குழம்பு வைச்சுத் தாறன்."

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருவது. அதற்காகத்தான் எல்லாம்.

விக்னராஜா ரயில்வேயில் பாலங்களுக்குப் படம் கீறுகிற வேலை செய்தவர். எழுபத்தேழாம் ஆண்டு, அவுஸ்திரேலியாவின் யூன் மாதக் குளிரில் ஒரு காலை, சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. பாரிசவாதம். வலக்கையையும் வலக்காலையும் வாயில் ஒரு பக்கத்தையும் கொண்டு போய்விட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். தப்பின உயிர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதக்கணக்காய்க் கிடந்தது. மாசியில் கோடை முடிவதற்குள் கட்டிலை விட வேண்டும் என்று அங்கே இருந்த சமூகசேவைப் பெண் சொல்லிவிட்டாள். படி இல்லாத வீடு வேண்டும். சில்லுக்கதிரை நுழையக்கூடிய கதவு வேண்டும். நாளாந்தம் கைகால் பயிற்சிக்கு வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒரு வீடு இருந்தால் வீட்டுக்கு. இல்லாவிட்டால் முதியோர் இல்லத்துக்கு. அவள் யோகராணியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். பிடித்துக்கொண்டு சொன்னாலும் சொன்னது அதுதான்.

அவர்களுடைய வீடோ, மரக்குற்றிகளின் மேல் தூக்கி வைத்த பலகை வீடு. முன்னாலும் படி, பின்னாலும் படி. நடை ஒடுக்கம், இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும்.

அதற்கேற்ற ஒரு யூனிட்டைக் காட்டியதும் ஹொட்ஜ்தான். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில், செங்கல்லில் கட்டிய மூன்று சிறிய வீடுகள் ஒரே கூரையின் கீழ். நடுவில் இருந்தது விலைக்கு வந்திருந்தது. தெருவில் இருந்து படுக்கையறை வரைக்கும் தரை ஒரே மட்டம். யோகராணி கதவு நிலையில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கதிரையும் போகும், தள்ளுகிறவளும் போவாள்.

"உங்கள் வீட்டு ஏலத்துக்கு அடுத்த வெள்ளி வரைக்கும் இதைப் பிடித்து வைக்கிறேன்" என்றார் ஹொட்ஜ். "அதற்குள் உங்கள் வீடு விலைப்பட்டு, தை மாதத்துக்குள் காசு வரும் என்று ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். அதற்குமேல் சொந்தக்காரர் பொறுக்கமாட்டார்."

அந்த ஊரில் வீடுகளை அநேகமாக ஏலத்தில்தான் விற்பார்கள். சனிக்கிழமை பகலில், வீட்டு வாசலிலேயே மணி அடித்து, தெருவில் நிற்கிற சனத்தைப் பார்த்துக் கூவுவார்கள். அதற்கு முன்னர் எந்த விலைக்குக் கீழே வீட்டை விடுவதில்லை என்று ஒன்றை முடிவு செய்ய வேண்டும். குசினி மேசையில் இருந்து அவளும் ஹொட்ஜும் முடிவு செய்தார்கள். வங்கியைத் தீர்த்து யூனிட்டையும் வாங்க அது மட்டுமட்டாகக் காணும். ஹொட்ஜ் விரலால் மேசையைத் தட்டினார்.

"இந்த விலை உங்களுக்கும் எனக்கும் இந்த மேசைக்கும் மட்டும்தான் தெரியும். வேறு ஒருவருக்கும் சொல்லாதீர்கள்."

"ஓம், ஓம்" என்றவள், பிறகு "யெஸ்" என்றாள்.

வீடு இருவர் பேரிலும் இருந்தது. ஹொட்ஜ் தந்த கடுதாசியில் விக்னராஜாவும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், யூனிட்டையும் தை மாதத் தவணையையும் அவருக்குச் சொன்னாள். அவர் இடது கையால் கீறினார். மயிர்க்கோடு பிசகாமல் பாலம் கீறின மனுசன். இன்றைக்குக் கோழி கிளறினதுபோல ஒரு கோடு. கீறி முடித்தும் பேனையை விடவில்லை. அவளையே பார்த்தார்.

"ரா... ணி."

"என்ன, தண்ணியோ?"

இல்லை என்று தலையாட்டினார். "அய... லுக்கு... சொன்னீரோ?"

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரிக்குள் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவருடைய தகப்பன் கரவெட்டியில் பேர்போன நொத்தாரிசு. காணி விற்க எழுத வருகிறவனைக் கதிரையில் இருத்த முதலே அவர் கேட்கிற கேள்வி அது: பங்காளிக்குச் சொன்னியோ, பக்கத்துக் காணிக்காரனுக்குச் சொன்னியோ? யாழ்ப்பாணத்துத் தேசவழமை அப்படி. எல்லையில் இருக்கிறவனுக்குத்தான் முதல் உரிமை. அவனுக்கு விலையைச் சொல்லி, அவன் வேண்டாம் என்ற பிறகுதான் வெளியாருக்கு விற்கலாம். சொல்லாமல் விற்றால் வழக்கு வரும். வழக்கு வராவிட்டால் பழி வரும். பிறகு அந்த ஒழுங்கையில் ஒரு நன்மை தின்மைக்கு முகம் கொடுக்கேலாது.

"இஞ்சேருங்கோ, இது அவுஸ்திரேலியா. இஞ்சை ஆர் அயலுக்குச் சொல்லுகினம்? வேலியிலை பெரிய போர்ட் அடிச்சிருக்கு. ஊர் முழுக்கப் பாக்குது."

"போர்ட்... வேறை." வாயோரம் எச்சில் வழிந்தது. அவள் துடைத்தாள். "வாயாலை... சொல்ல... வேணும். ஸ்டவ்ரோஸ்... எல்லை... க்காரன். விலையும்... சொல்லும்."

"விலை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு அந்த மனுசன் சொன்னதப்பா."

அவர் இடது கையால் கட்டில் சட்டத்தில் அடித்தார். முகத்தில் ஒரு பாதி மட்டும் சிவந்தது.

"சொல்லும்! எங்கடை... ஆக்கள்... களவாய்... விக்கிறேல்லை!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை மாதமாய்த் தண்ணி, போர்வை, யன்னல் என்று ஒற்றைச் சொல்லில் இரந்துகொண்டு கிடந்த மனுசன், முதன்முதலாய் ஒரு வீட்டுக்காரனாகக் கட்டளை போட்டிருக்கிறார். அதை எப்படி மாட்டேன் என்பது, நீங்களே சொல்லுங்கள்.

"சரி, சரி. சொல்லுறன். கத்தாதேங்கோ, பிரஷர் ஏறப்போகுது."

பஸ்ஸில் வரும்போது அவள் தனக்குள் நியாயம் கட்டிக்கொண்டு வந்தாள். வாங்க வருகிறவர்களுக்குத்தான் விலை தெரியக்கூடாது என்று ஹொட்ஜ் சொன்னார். ஸ்டவ்ரோஸின் மனுசி எலேனி வாங்க வருகிறவளா? எலேனி அயல்.

எலேனியும் யோகராணியும் ஒரே சேட்டுத் தொழிற்சாலைக்கு வீட்டில் இருந்து கொலர் தைத்துக் கொடுக்கிறவர்கள். வியாழக்கிழமை வான் வந்து கட்டுக்கட்டாய் எடுத்துப் போகும். யோகராணிக்கு ஆஸ்பத்திரியால் நேரம் பிந்தினால், வேலியில் கழன்ற பலகைக்குள்ளால் அவளுடைய கட்டு எலேனி பக்கம் போகும். மறுநாள் தைத்து முடிந்து திரும்பி வரும். அதே பலகைக்குள்ளால்தான் எலுமிச்சம்பழமும் வெண்டிக்காயும் இந்தப் பக்கம் வந்தன, கறுவாப்பட்டையும் வடையும் அந்தப் பக்கம் போயின. இரண்டு பேருடைய இங்கிலீசையும் சேர்த்தாலும் ஒரு முழு ஆள் கதைக்கக் காணாது. ஆனாலும் வருசக்கணக்காய்க் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எலேனியின் புருசன் ஸ்டவ்ரோஸ் மீன் பொரித்து விற்கிற கடை ஒன்றில் தம்பியோடு பங்கு வைத்திருந்தார். பெரிய மீசை. பேச்சுக் குறைவு.

காணி விசயம் சொல்லப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? ஞாயிற்றுக்கிழமை அவள் அரியதரப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு, வழியெல்லாம் பாடமாக்கி வந்ததைச் சொன்னாள்.

"ஸ்டவ்ரோஸ், எங்கள் ஊரில் ஒரு பழக்கம். வீடு விற்கும்போது பக்கத்து வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும். முதல் நீங்கள். நீங்கள் வேண்டாம் என்றால்தான் மற்ற ஆட்கள்."

பிறகு விலையைச் சொன்னாள். சொன்னதும் நேர்த்தி ஒன்றைத் தீர்த்ததுபோல நெஞ்சு இலேசாகிவிட்டது.

ஸ்டவ்ரோஸ் மெல்லுவதை நிறுத்தினார். "இதை விக் சொன்னாரா?"

"விக் சொன்னது. கட்டிலில் இருந்து. பெரிய கோபம்."

அவர் எழுந்து யன்னலடிக்குப் போய் அவளுடைய வீட்டுக் கூரையைப் பார்த்தார். எலேனி கிரேக்க மொழியில் என்னவோ அவசரமாகச் சொல்லத் தொடங்கினாள். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு, "கடவுள் பெரியவர், ரானி" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பி வந்தது. குடித்துவிட்டு வந்தாள்.

அவள் காத்திருந்தாள். மறுநாளும் பேச்சில்லை, மறு கிழமையும் பேச்சில்லை. எங்கள் பக்கத்தில் அயலவன் பேசாமல் இருந்தால் விட்டுவிட்டான் என்றுதான் அர்த்தம். கையில் வசதி இல்லாதவன் அதைத் தன் வாயால் சொல்லமாட்டான். திரும்பக் கேட்டு அவனுடைய மானத்தைக் கெடுக்கவும் கூடாது. அவள் கேட்கவில்லை.

"சொல்லியாச்சு. அவை எடுக்கேல்லைப் போலை" என்று புருசனிடம் சொன்னாள். அன்றைக்கு அவர் மருந்து இல்லாமலே நித்திரை கொண்டார் என்று தாதி சொன்னாள்.

வீடு பார்க்கச் சனம் வந்தது. அலுமாரியைத் திறந்து பார்த்தவர்கள், தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்த்தவர்கள், தரைப் பலகையில் துள்ளிப் பார்த்தவர்கள் என்று எத்தனையோ பேர். அவர்களுக்குள் ஒரு இளம் சோடி மூன்று சனிக்கிழமையும் வந்தது. பெண்ணுக்கு வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் குசினி யன்னலடியில் நின்று வெளியே பார்ப்பாள். இவள் எடுத்தால் நல்லது என்று யோகராணி நினைத்தாள்.

"அவர்கள்தான் ஆள்" என்றார் ஹொட்ஜ். "வங்கியில் எல்லாம் சரிக்கட்டி வைத்திருக்கிறார்கள். கிரேக்கர்களும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஏறினால் நாங்கள் நினைத்ததற்கும் மேலே போகலாம்."

ஏலச் சனிக்கிழமை வடகாற்று. உலைவாயைத் திறந்ததுபோல அடித்தது. புல்லெல்லாம் ஒரு காலைக்குள் கருகிப் போயிற்று. யோகராணி முன்னறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். தெருவில் நல்ல சனம்.

"அம்மா, லுக். ஸ்டவ்ரோஸ் அங்கிள் ஏன் கோட் சூட்டோடை நிக்கிறார்? இந்த வெயிலுக்குள்ளை."

உண்மைதான். கோயிலுக்குப் போடுகிற கறுப்பு உடுப்போடும் தொப்பியோடும் ஸ்டவ்ரோஸ் கேற்றடியில் நின்றார், பக்கத்தில் தம்பி. வருகிற கிரேக்க ஆண்கள் ஒவ்வொருவராய் அவருக்குக் கை கொடுத்தார்கள். அவர் இரண்டு வார்த்தை சொல்வார். வந்தவர் தலையாட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்து மரநிழலில் போய் ஒதுங்கிக்கொள்வார். இளம் சோடியும் அவரிடம் என்னவோ கேட்டது. அவர் வீட்டைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைக் காட்டினார். அந்தப் பெண்ணின் முகம் விழுந்ததை யோகராணி திரைக்குள்ளால் கண்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரர்தானே, மரியாதைக்கு வந்திருக்கிறார்" என்று மகளுக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள்.

ஹொட்ஜ் மணி அடித்தார். வீட்டைப் புகழ்ந்தார். ரயில் கிட்ட, பள்ளிக்கூடம் கிட்ட, பல்கலைக்கழகம் நடைதூரம். "யார் தொடங்குகிறீர்கள்?" ஒருவரும் தொடங்கவில்லை. அவர் ஒரு பகிடி விட்டார். காற்றுத்தான் சிரித்தது. கடைசியில் இளம் புருசன் பயந்து பயந்து ஒரு குறைந்த விலையைக் கேட்டான். அப்போது ஸ்டவ்ரோஸ் தொப்பியைக் கழற்றினார். வேதம் வாசிக்கிற குரலில் ஒரு விலையைச் சொன்னார்.

யோகராணி அவருடைய மேசையில் சொன்ன அதே விலை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஹொட்ஜின் தலை வீட்டுப் பக்கம் திரும்பியது. பிறகு வேறு ஒருவரும் கை தூக்கவில்லை. "உரிமையாளரிடம் ஒரு வார்த்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். சப்பாத்தோடு வந்தார்.

"மிஸஸ் விக், அந்த விலை அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னது. அவர் அயல்."

கமலினி தாய்க்கும் அவருக்கும் நடுவில் நின்று தேசவழமையை இங்கிலீசில் விளக்கினாள். பாவம், அவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். ஹொட்ஜ் கண்ணைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"இந்த வீடு தனக்குத் தந்த வாக்கு என்று அவர் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அவருடைய ஆட்கள் யாரும் இனி அவரை மீறிக் கேட்கமாட்டார்கள்."

"விலை வந்திட்டுதுதானே?" என்றாள் யோகராணி. "எங்களுக்குக் காணும். அவரே எடுக்கட்டும்."

அந்த நேரம் ஸ்டவ்ரோஸ் பின்படியால் ஏறிக் குசினிக்குள் வந்தார். நெற்றியில் இருந்து வேர்வை ஓடியது.

"ரானி, வாக்கு வாக்குத்தான். நீ சொன்ன விலை. ஒரு சதமும் குறைக்கமாட்டேன். சோபியாவுக்குக் கல்யாணம் பேசியாகிவிட்டது. மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும், எங்கள் ஆட்களில் அப்படி. வேலிக்கு அந்தப் பக்கம் மகள், இந்தப் பக்கம் தாய்." மீசையைத் துடைத்தார். "இப்போது கொஞ்சம் தருகிறேன். மிச்சம் ஈஸ்டருக்கு. கடைப் பங்கைத் தம்பி எடுக்கிறான். ஈஸ்டருக்குத்தான் அவனிடம் காசு வரும்."

சீதன வீடு. அதை யோகராணிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவளும் ஒரு சீதன வீட்டில்தான் பொட்டு வைத்துக் குடிபுகுந்தவள்.

"ஈஸ்டர் எப்ப பிள்ளை?"

"அவையின்ரை ஈஸ்டர் ஏப்பிரல் கடைசி, அம்மா."

கூரைத் தகரம் வெயிலில் பொரிந்தது. ஏப்பிரல் கடைசி என்றால் யூனிட் இல்லை. யூனிட் இல்லை என்றால் அவர் வீட்டுக்கு வருவது இல்லை.

ஹொட்ஜ் அவள் காதடியில் குனிந்தார். "எழுத்தில் ஒன்றும் இல்லை. காணி விசயத்தில் வாய்ச்சொல் இந்த நாட்டுச் சட்டத்தில் செல்லாது. முடியாது என்று சொல்லுங்கள். அந்தச் சோடி வெளியே நிற்கிறது. அவர்களை நான் இந்த விலைக்கு ஏற்றுகிறேன். தை மாதம் முழுக்காசு."

"அம்மா, ஜஸ்ட் சே நோ" என்றாள் கமலினி. "அப்பாவை யோசியுங்கோ."

அவள் அப்பாவைத்தான் யோசித்தாள். கட்டில் சட்டத்தில் அடித்த கையை யோசித்தாள். வாக்குக் கொடுக்கச் சொன்னதும் அந்த மனுசன். வாக்கை உடைத்தால்தான் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடியதும் அந்த மனுசன். இப்படி ஒரு முடிச்சை எந்த நொத்தாரிசு அவிழ்ப்பான்?

"ஸ்டவ்ரோஸ், என்னாலை ஏலாது" என்றாள். தமிழில்தான் வந்தது. பிறகு இங்கிலீசில் சொன்னாள்.

அவர் உடனே கோபப்படவில்லை. கணக்குப் பிழைத்தவர்போலத் தரையைப் பார்த்தார். "நீங்கள் வேண்டாம் என்றால்தான் மற்ற ஆட்கள் என்று நீ சொன்னாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே."

"ஓம். நீங்கள் சொல்லேல்லை."

"தம்பிக்குச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னேன்." தொப்பியை வீட்டுக்குள்ளேயே தலையில் வைத்துக்கொண்டு வந்த படியால் இறங்கிப் போனார்.

ஹொட்ஜ் வாசலுக்கு ஓடினார். தெருவில் அந்தச் சோடி இல்லை. வாக்குக் கொடுத்த வீட்டில் எதற்கு நிற்பது என்று, அடுத்த தெருவில் அதே நேரத்துக்கு நடந்த ஏலத்துக்குப் போயிருந்தார்கள். அவர் காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். திரும்பி வந்தபோது கழுத்துப்பட்டி அவிழ்ந்திருந்தது. முன்படியில் இருந்துகொண்டு சொன்னார்:

"செங்கல் வீடு. ஏலம் அவர்களுக்கு விழுந்துவிட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டு கையெழுத்துப் போடுகிறாள், சந்தோசத்தில்."

அடுத்த கிழமை அவரும் சும்மா இருக்கவில்லை. ஆட்களைக் கொண்டுவந்தார். ஆனால் ஏலத்தில் போகாத வீட்டைச் சனம் வாழாவெட்டியைப் பார்க்கிற மாதிரித்தான் பார்க்கும்: என்ன குறையோ, ஏன் நின்றுவிட்டதோ? சொன்ன விலைகள் யூனிட்டுக்குக் கிட்டவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹொட்ஜ் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"யூனிட்டை ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் எடுத்துவிட்டார், மிஸஸ் விக்."

"நல்ல ஆளோ?" என்று கேட்டாள். வேறு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வங்கிக்கு அவருடைய சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் கட்டுவது? வீட்டை விற்காமலும் இருக்க முடியாது. மறுநாள் காலை அவள் ஸ்டவ்ரோஸ் வீட்டுக்குப் போனாள். வேலிப் பலகைக்குள்ளால் போகக் கூச்சமாய் இருந்தது. தெருவால் சுற்றிப்போய், இத்தனை வருசத்தில் முதல்தரமாக அந்த வீட்டு முன்மணியை அடித்தாள். எலேனி மாவுக் கையோடு கதவைத் திறந்தாள்.

"ரானி! ஏன் இந்தப் பக்கத்தால்? நீ என்ன பொலிஸா?"

கேட்டுவிட்டு எலேனியே அழுதுவிட்டாள். குசினியில் ஸ்டவ்ரோஸ் பாண் துண்டை எண்ணெயில் தோய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஈஸ்டருக்கு எண்டாலும் சரி" என்றாள் யோகராணி. "இன்னும் வேணும் எண்டால். விலை குறைச்சாலும் சரி."

அவர் காலால் ஒரு கதிரையை அவள் பக்கம் தள்ளினார். அவள் இருந்த பிறகுதான் பேசினார்.

"அதே விலை. நீதான் இல்லை என்றாய். நான் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை."

ஏசியிருந்தால் ஆறியிருக்கும். பாண் துண்டு ஒன்றை எண்ணெயில் தோய்த்து அவர் நீட்ட, அவள் வாங்கித் தின்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் கமலினி கேட்டாள். "அப்பாவுக்கு என்னெண்டு சொல்லப் போறீங்கள்?"

"அயல் எடுத்திட்டுது எண்டு சொல்லுறன். அது பொய்யில்லையே."

"அதோடை நிப்பாட்டுவீங்களா?"

"அதோடை நிப்பாட்டுவன். நீயும் நிப்பாட்டு."

சொன்னாள். விக்னராஜாவின் பாதி முகம் மலர்ந்தது. "பாத்தீரே... நான்... சொன்னனான்" என்றார். அன்று பின்னேரம் வந்த தாதிக்கும், சாப்பாடு கொண்டுவந்தவளுக்கும், பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதையே சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் நல்லது, நல்லது என்றார்கள்.

மாசி மாதம், யூனிட் கைநழுவிவிட்டது என்று மட்டும் சொல்லி, அவரை முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். நீளமான ஒரு மண்டபம், இரண்டு வரிசைக் கட்டில், யன்னலுக்கு வெளியே கார் தரிப்பிடம். அங்கே இருந்தவர்களில் அவர்தான் வயதில் இளையவர். ஸ்டவ்ரோஸ் தந்த முன்பணம் வங்கிக்குப் போயிற்று, மகளுக்கென்று வீட்டைத் திருத்த அவரிடம் சாவியும் கொடுத்தாயிற்று. கமலினி மலேசியப் பெண்கள் இரண்டு பேரோடு பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட அறை எடுத்தாள். பார்வையாளர் நேரம் முடிந்ததும் வெளியே போகச் சொல்லி மணி அடிக்கிற அந்த இடத்தில், மணி அடித்தாலும் நிற்கக்கூடிய ஒரே வழியை யோகராணி கண்டுபிடித்தாள். குசினியில் ஆள் தேவை என்று ஒட்டியிருந்தார்கள். தலைமைத் தாதியிடம் போய்க் கேட்டாள். தையல் மெஷினை எலேனியிடமே விட்டுவிட்டு, இல்லத்துக்குப் பின்னால் ஒரு கிழவியின் வீட்டில் கட்டில் போடுமளவு ஒரு அறையில் குடியேறினாள். காலை தொடங்கி உருளைக்கிழங்கு சீவுவாள். பாத்திரம் தேய்ப்பாள். மத்தியானம் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பாட்டு வண்டியை மண்டபத்துக்குள் தள்ளுவாள்.

சட்டம் ஒன்றுதான். வண்டி கதவடிக் கட்டிலில் தொடங்கி வரிசையாய்ப் போக வேண்டும். சொந்தக்காரர் என்று முந்தவும் கூடாது, ஒருவரிடம் கூட நேரம் நிற்கவும் கூடாது. விக்னராஜாவின் கட்டில் நடுவில். அவள் கதவடியில் மூடி திறக்கிற சத்தம் கேட்டதில் இருந்து அவர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அவள் தட்டை வைத்து, இறைச்சியைச் சின்னதாக வெட்டி, முதல் கரண்டியை ஊட்ட எடுத்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. நீலச் சட்டையைப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துத் தோல் வெடித்த அவளுடைய விரல்களைப் பார்த்தார்.

"அவன்... எப்ப... காசு... தாறான்?"

"ஆர்?"

"ஸ்டவ்ரோஸ்."

அவள் வெட்டின இறைச்சியை இன்னும் ஒருதரம் வெட்டினாள். "ஈஸ்டருக்கு."

படம் கீறினவர் அல்லவா. கோடுகளைச் சேர்த்துப் பார்க்க அவருக்கு நேரம் எடுக்கவில்லை. நொத்தாரிசு மகனுக்குத் தவணை என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கவும் தேவையில்லை. நல்ல பக்கத்துக் கண்ணில் இருந்து நீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

"என்னாலை... தானே?"

"சாப்பிடுங்கோ, ஆறப்போகுது."

"ராணி. என்னாலை..."

"ஒரு விசரும் கதையாதேங்கோ. வாயைத் திறவுங்கோ. மற்ற ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம்."

அவர் திறந்தார். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. மண்டபத்தின் அந்தத் தொங்கலில் யாரோ கோப்பையைத் தட்டினார்கள். யோகராணி கரண்டியை அவருடைய இடது கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாய் மடித்து இறுக்கிவிட்டு வண்டியைத் தள்ளினாள். பின்னால் கரண்டி தட்டில் இடறுகிற சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

அடுத்த கட்டில்காரக் கிழவர் கழுத்தை நீட்டி, இன்றைக்கும் உருளைக்கிழங்குதானா என்று கேட்டார்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவள் மூடியைத் திறந்தாள்.